அறுபது நாள் கிழங்கு

கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தாலே தோல் உரிந்து வருகிற உருளைக்கிழங்கு ஒன்று உண்டு. நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வட இந்தியச் சந்தைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும். தோல் முற்றியிருக்காது. உள்ளே நீர் அதிகம். வேகவைத்தால் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், சிப்ஸுக்கு ஆகவே ஆகாது. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் பக்கத்திலும் இதைக் 'கச்சா ஆலு' என்பார்கள், அதாவது முற்றாத கிழங்கு. நட்டு அறுபது, அறுபத்தைந்து நாளில் தோண்டியது. இன்னும் ஒரு மாதம் மண்ணில் விட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும் என்று தெரிந்தே தோண்டியது.

அப்படி என்ன அவசரம்? ஒன்று விலை. பழைய கிழங்கு குளிர்பதனக் கிடங்குகளில் தீர்ந்துவரும் நேரம் அது. முதலில் சந்தைக்கு வரும் புதுக் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கும். இன்னொன்று வயல். நெல்லோ மக்காச்சோளமோ அறுத்த நிலத்தில் செப்டம்பர் கடைசியில் உருளையை நட்டு, நவம்பர் முடிவதற்குள் தோண்டிவிட்டால், கொஞ்சம் தாமதமாகவாவது கோதுமை விதைத்துவிடலாம். மேற்கு வங்கத்தில் கணக்கு வேறு: அமன் நெல்லை நவம்பரில் அறுத்து, உருளையை நட்டு, போரோ நெல்லின் நாற்றுக்கு நேரம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஹூக்ளி, பர்தமான் பக்கத்து விவசாயிக்கு உருளை என்பது இரண்டு நெல்லுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் விளையும் பயிர்.

அந்த இடுக்கைப் பெரிதாக்க முடியாது. இருபுறமும் வெயில் நிற்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் உருளையில் கிழங்கு பிடிப்பது குறைய ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் செடி பச்சைப்பசேல் என்று வளரும், மண்ணுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. சிந்து-கங்கைச் சமவெளியில் இரவு குளிரத் தொடங்குவது அக்டோபரில். பிப்ரவரி முடியும்போது மறுபடி சூடு. இடைப்பட்ட குளிர்காலம்தான் உருளையின் காலம். இந்தியா வருடத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உருளை விளைவிக்கிறது, உலகில் சீனாவுக்கு அடுத்த இடம். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தச் சில மாதங்களில் விளைவது. ஐரோப்பாவில் கோடை முழுவதும் ஐந்து மாதம் நிதானமாக வளர்கிற செடியை, இங்கே மூன்று மாதத்தில், சில சமயம் இரண்டே மாதத்தில் வேலையை முடிக்கச் சொல்கிறோம். அதற்கு ஒத்துவரும் ரகத்தை உருவாக்குவதுதான் கஷ்டம்.

குறுகிய கால ரகம் என்றதும் நமக்கு நெல் ஞாபகம் வரும். அறுபதாம் குறுவை என்று பெயரிலேயே நாளைச் சுமந்த நெல்லைத் தெரிந்தவர்கள் நாம். நெல்லில் கணக்கு ஓரளவு நேரானது. சீக்கிரம் கதிர் வந்தால் சீக்கிரம் அறுவடை. பூத்ததில் இருந்து ஏறத்தாழ ஒரு மாதம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். உருளையில் நாம் சாப்பிடுவது விதையும் இல்லை, கனியும் இல்லை, வேரும் இல்லை. மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டின் நுனி. அது பூக்காமலே கிழங்கு தரலாம், பூத்துக் குலுங்கியும் கிழங்கு தராமல் போகலாம்.

ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேர்களுக்கு நடுவே வெள்ளையாக, சற்றுத் தடிமனாக, பக்கவாட்டில் ஓடும் தண்டுகள் தெரியும். நுனி கொக்கி போல வளைந்திருக்கும். செடி 'போதும், இனி சேர்த்து வைக்கலாம்' என்று முடிவு செய்த நாளில் அந்தக் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் பட்டாணி அளவு வீங்க ஆரம்பிக்கும். அதுதான் கிழங்கு. முடிவு செய்யாவிட்டால் அதே தண்டு மண்ணைப் பிளந்து வெளியே வந்து இலை விட்டு இன்னொரு கொடியாகிவிடும். குறுகிய காலப் பயிருக்கான வேலை எல்லாமே இந்த முடிவைச் சில வாரம் முன்னால் எடுக்க வைப்பதுதான்.

முடிவு எடுப்பது மேலே இருக்கும் இலை. இதைக் காட்டிய சோதனைகளில் எனக்குப் பிடித்தது சோவியத் விஞ்ஞானி மிக்கேல் சைலாக்யன் செய்தது. பூக்கும் நிலையில் இருந்த புகையிலைச் செடியின் தலைப்பகுதியை வெட்டி, உருளையின் அடித்தண்டில் ஒட்டினார். மேலே புகையிலை, கீழே உருளை. மேலே புகையிலை பூப்பதற்கான தூண்டுதல் இருந்தபோது கீழே உருளை கிழங்கு விட்டது. பூக்கச் சொல்லும் சேதியும் கிழங்கு பிடிக்கச் சொல்லும் சேதியும் கிட்டத்தட்ட ஒரே மொழியில் எழுதப்பட்டவை என்று அப்போதே ஊகித்தார்கள். 2011இல் அந்தச் சேதியின் மூலக்கூறு பிடிபட்டது. எஸ்பி6ஏ என்று பெயர் வைத்தார்கள். மற்ற செடிகளில் பூக்க வைக்கும் புரதத்தின் நெருங்கிய உறவு அது. இலையில் உருவாகி, தண்டு வழியாக இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் நுனிக்குப் போய்ச் சேருகிறது.

சரி, இலைக்கு எப்படித் தெரியும் எப்போது அனுப்ப வேண்டும் என்று? பகலின் நீளத்தைப் பார்த்து. உருளையின் தாய்மண் ஆண்டிஸ் மலை, பூமத்திய ரேகைக்கு அருகில். அங்கே பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், வருடம் முழுக்கப் பெரிய மாற்றம் இல்லை. பகல் நீண்டிருந்தால் கிழங்கு விடாதே என்பது அந்தச் செடிகளின் ரத்தத்தில் ஊறியது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது, கோடை முழுக்க 15, 16 மணி நேரப் பகலில் இலையாக வளர்ந்து தள்ளிவிட்டு, பகல் குறுகும் இலையுதிர் காலத்தில்தான் கிழங்கு விட யோசித்தது. அதற்குள் பனி வந்து கொடியைக் கருக்கிவிடும். சிலியின் தென் கரையில் இருந்து வந்த கிழங்குகள் நீண்ட பகலுக்குப் பழகியவை. அவற்றின் கலப்பும், விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சீக்கிரம் விட்டதைப் பொறுக்கி நட்டதும் சேர்ந்துதான் இன்றைய ஐரோப்பிய உருளை.

அந்தப் பொறுக்கலில் என்ன மாறியது என்று 2013இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஒன்று கண்டுபிடித்தது. ஐந்தாவது குரோமோசோமில் சிடிஎஃப்1 என்ற மரபணு. பகல் குறுகலாக இருக்கும்போது இதன் புரதம் நிலைத்து நின்று, எஸ்பி6ஏவைத் தடுத்துக்கொண்டிருப்பதை அடக்கிவைக்கும், சேதி கிளம்பும். பகல் நீண்டால் செடியே இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும், சேதி நின்றுபோகும். சீக்கிரம் முற்றும் ரகங்களில் இந்த மரபணுவின் வால் வெட்டுப்பட்டிருக்கிறது. சிதைக்க வருபவர்கள் பிடிக்க வேண்டிய பகுதியே அந்த வால்தான். பிடி இல்லாததால் புரதம் எந்தப் பகலிலும் சிதையாமல் நிற்கிறது, செடி எப்போதும் 'கிழங்கு விடு' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு மரபணுவின் நுனி உடைந்ததால் கிடைத்த வரம் என்று சொல்லலாம். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில், கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து விவசாயிகள் சேர்த்து வைத்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். 'சீக்கிரம் முற்றும் ரகம்' என்பது எங்கே போனாலும் கூடவே வரும் குணம் இல்லை. ஐரோப்பாவில் சீக்கிரம் முற்றும் ரகத்தைக் கொண்டுவந்து பத்து மணி நேரப் பகல் உள்ள பஞ்சாபின் டிசம்பரில் நட்டால், அது பதறிப்போய் நாலு இலை விட்டதுமே கிழங்கு பிடிக்க ஆரம்பித்துவிடும். செடி சின்னதாகவே நின்றுவிடும், கிழங்கும் கோலிக்குண்டு மாதிரி. இலைதான் முதல், கிழங்கு வட்டி. முதல் போடாமல் வட்டி வராது. அங்கே தாமத ரகம் என்று ஒதுக்கியது இங்கே நடுத்தர ரகமாக நன்றாக விளையலாம். அதனால் வெளிநாட்டில் பெயர் வாங்கிய குறுகிய கால ரகத்தை அப்படியே இறக்குமதி செய்து நட்டுவிடலாம் என்ற வழி ஆரம்பத்திலேயே அடைபட்டுவிட்டது.

உலகத்தின் மறு முனையில் இதற்கு நேர் எதிரான குறுகிய காலம் ஒன்று இருக்கிறது. அலாஸ்காவில் வெயிலுக்குப் பதில் பனி இரண்டு பக்கமும் நிற்கிறது. நடுவில் கிடைக்கும் கோடையோ கிட்டத்தட்ட இருட்டே இல்லாதது. அங்கே வேண்டியது இருபது மணி நேரப் பகலிலும் கிழங்கு விடும் செடி, எதிர்பாராமல் ஓர் இரவு உறைந்தாலும் கருகாத இலை. இந்தப் பனிக் கதையில் கும்பகோணத்தில் பிறந்த ஒருவருக்குப் பங்கு உண்டு. பசுமைப் புரட்சியோடு பெயர் சேர்ந்துவிட்ட எம்.எஸ். சுவாமிநாதன் தன் ஆராய்ச்சியைத் தொடங்கியது கோதுமையில் அல்ல, உருளையில். வாகெனிங்கனில் நூற்புழு எதிர்ப்பு, கேம்பிரிட்ஜில் 1952இல் உருளை இனங்களைப் பற்றிய முனைவர் பட்டம், பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டிஸின் காட்டு உருளையான சொலானம் அகௌலியில் இருந்து பனி தாங்கும் குணத்தைப் பயிர் உருளைக்குக் கொண்டுவரும் வேலை. அதில் இருந்து வந்த ரகத்துக்கு அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ் என்று பெயர்.

இந்தியாவுக்கு வருவோம். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் பாட்னாவில் தொடங்கியது, எஸ். ராமானுஜம் முதல் இயக்குநர். அப்போது நாட்டின் மொத்த விளைச்சல் சுமார் 15 லட்சம் டன், ஹெக்டேருக்கு ஆறரை டன். சமவெளியில் நட்டதெல்லாம் ஃபுல்வா, டார்ஜீலிங் சிவப்பு உருண்டை மாதிரியான பழைய ரகங்கள். வைரஸ் ஏறி மெலிந்துபோனவை, நாளும் அதிகம் எடுத்துக்கொள்பவை. 1956இல் நிறுவனத்தின் தலைமையிடம் சிம்லாவுக்கு மாறியது. அதற்கு ஒரு காரணம் பூ.

உருளையில் புது ரகம் வேண்டுமானால் இரண்டு செடிகளைக் கலக்க வேண்டும். கலக்கப் பூ வேண்டும். சமவெளியின் குளிர்காலக் குறும்பகலில் உருளை பெரும்பாலும் பூப்பதே இல்லை. மொட்டு வந்தாலும் உதிர்ந்துவிடும். பூவுக்கு நீண்ட பகலும் குளிர்ந்த காற்றும் வேண்டும். சிம்லாவுக்குப் பக்கத்தில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஃப்ரியில் ஜூன், ஜூலை மாதத்தில் இரண்டும் கிடைக்கும். சமவெளியில் ஒருபோதும் ஒன்றாகப் பூக்காத ரகங்கள் அங்கே பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். இந்திய உருளை ரகங்கள் எல்லாம் குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி, குஃப்ரி புக்ராஜ் என்று ஒரே இனிஷியலோடு திரிவது இதனால்தான். மலையூரின் பெயரைச் சுமந்துகொண்டு விளைவதோ கங்கைக் கரையில்.

வேலை நுணுக்கமானது. மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பார்த்து எடுத்து, இடுக்கியால் இதழைப் பிரித்து, உள்ளே கூம்பு மாதிரி நிற்கும் ஐந்து மகரந்தப் பைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். நடுவில் இருக்கும் சூல்தண்டு ஒடியக் கூடாது. பிறகு தகப்பன் செடியின் மகரந்தத்தை அந்த நுனியில் தடவி, ஒரு சீட்டு கட்டிவிட வேண்டும். சில ரகம் மலையிலும் பூக்க அடம்பிடிக்கும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: விதைக்கிழங்கை ஒரு செங்கல்லின் மேல் வைத்து மண் மூடி வளர்ப்பார்கள். வேர் செங்கல்லைச் சுற்றி இறங்கியதும் மேல் மண்ணைக் கழுவிவிட்டு, வரும் குட்டிக் கிழங்குகளை எல்லாம் கிள்ளி எறிவார்கள். கீழே சேர்க்க இடம் இல்லாத செடி மேலே பூவில் செலவழிக்கும். கலப்பு கூடினால் பச்சைத் தக்காளி போல் ஒரு காய் தொங்கும். நச்சுக் காய், வாயில் வைக்க முடியாது. உள்ளே நூறு, இருநூறு விதை.

அந்த இருநூறு விதையும் இருநூறு விதமாக இருக்கும். உருளையில் குரோமோசோம்கள் நான்கு நான்காக வருவதால், தாய் தகப்பன் இரண்டுமே தங்களுக்குள் கலவையானவை. ஒரே காயின் விதைகளில் ஒன்று எழுபது நாளில் முற்றும், ஒன்று நூற்றிருபது நாளிலும் பச்சையாக நிற்கும், ஒன்று கண் குழிந்து உரிக்கவே முடியாத கிழங்கு விடும், ஒன்று வைரஸுக்கு முதல் பலியாகும். வட அமெரிக்காவில் சீக்கிரம் முற்றும் உருளைகளின் பாட்டி என்று சொல்லத்தக்க ஏர்லி ரோஸ், 1861இல் வெர்மான்ட்டில் ஆல்பர்ட் பிரெசி என்பவர் தாமத ரகமான கார்னெட் சிலியின் காயில் இருந்து விதை எடுத்து முளைக்கவைத்துப் பொறுக்கியது. அந்த ஏர்லி ரோஸின் ஒரு காயில் கிடைத்த 23 விதையை நட்டுத்தான் அமெரிக்கத் தாவர வல்லுநர் லூதர் பர்பாங்க் தன் பெயர் தாங்கிய உருளையைக் கண்டுபிடித்தார். தாமதமான தாய்க்கு அவசரக்காரப் பிள்ளை, அதன் பேரப்பிள்ளை மறுபடி நிதானம். இந்த லாட்டரியை நம்பித்தான் தொழில் நடக்கிறது. என்ன, சீட்டை ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள்.

முதல் வருடம் ஆயிரக்கணக்கான நாற்று, தொட்டியில். ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு கிழங்கு. இரண்டாம் வருடம் அவை வயலுக்குப் போகும், ஒரு கிழங்குக்கு ஒரு செடி. தோண்டும்போது பார்வையிலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். மூன்றாம் வருடம் சில செடி, நான்காம் வருடம் ஒரு வரிசை, அப்புறம் பல ஊர்களில் சோதனை. நெல்லில் ஒரு விதை நூறாகும், அடுத்த போகத்தில் பத்தாயிரமாகும். உருளையில் ஒரு கிழங்கு எட்டோ பத்தோ ஆகும், அவ்வளவுதான். ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டிய பயிரில் இந்தப் பெருக்கம் ஆமை வேகம். குறுகிய கால ரகத்துக்கான தேர்வில் கூடுதலாக ஒரு வேலையும் உண்டு. ஒரே கிழங்கு வகையை மூன்று துண்டு நிலத்தில் நட்டு, ஒன்றை 60ஆம் நாளிலும் இன்னொன்றை 75இலும் மூன்றாவதை 90இலும் தோண்டி எடை போடுவார்கள். 90இல் முதலிடம் பிடித்தது 60இல் கடைசியில் நிற்கலாம். எந்த நாளில் தோண்டியதை வைத்துத் தேர்வு செய்கிறோமோ அந்த நாளுக்கான ரகம்தான் கையில் மிஞ்சும். கலப்பில் இருந்து விவசாயி கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருடம். ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்க ஒரு மாமாங்கம்.

ஆனால் ரகம் மட்டும் போதாது என்பது இந்தியாவில் சீக்கிரமே தெரிந்துபோனது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். அந்தக் காலத்தில் நல்ல விதைக்கிழங்கு மலையில் இருந்துதான் வர வேண்டும் என்று நம்பினார்கள், ஏனென்றால் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி மலைக்குளிரில் குறைவு. மலையில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். தோண்டிய கிழங்கு இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கும், கண் முளைக்காது. சமவெளியிலோ அக்டோபரிலேயே நட வேண்டும். உறங்கும் விதையை நட்டால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை மண்ணிலேயே கிடக்கும். எவ்வளவு அவசரக்கார ரகமாக இருந்தாலும் விதை முளைக்க மறுத்தால் என்ன செய்ய? குறுகிய காலத்தில் முதல் மூன்று வாரம் இப்படியே போய்விடும்.

இதற்கு வழி கண்டவர் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி புஷ்கர்நாத். சமவெளியிலும் அசுவினி குறைவாக இருக்கும் ஒரு காலம் உண்டு என்று கணக்கெடுத்துக் காட்டினார். அக்டோபரில் நட்டு, டிசம்பர் கடைசிக்குள் அல்லது ஜனவரி ஆரம்பத்துக்குள், நூறு இலைக்கு இருபது அசுவினி என்ற எல்லையைத் தொடுவதற்கு முன்பே தழையை வெட்டி எறிந்துவிடு. கிழங்கு மண்ணுக்குள்ளேயே இரண்டு வாரம் இருந்து தோல் முற்றட்டும். பிறகு தோண்டிக் குளிர்பதனக் கிடங்கில் வை. அடுத்த அக்டோபரில் வெளியே எடுக்கும்போது உறக்கம் எப்போதோ கலைந்திருக்கும். பரவலான வெளிச்சத்தில் பத்து நாள் பரப்பி வைத்தால் குட்டையாக, தடித்த பச்சை முளை வரும். அப்படி நட்டால் ஒரு வாரம், பத்து நாள் லாபம். விதை வயல் முறை என்று பெயர் பெற்ற இந்த எளிய ஏற்பாடு இல்லாவிட்டால், 1968இல் குஃப்ரி சந்திரமுகியும் குஃப்ரி ஜோதியும் வந்து பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது என் கணிப்பு. கவனித்தீர்களா, விதைப் பயிரும் குறுகிய காலப் பயிராகிவிட்டது. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றிருந்தது, இப்போது பூச்சிக்கு முன்னாலும் முடிக்க வேண்டும். சீக்கிரம் கிழங்கு விடும் ரகத்துக்கு இரட்டைத் தேவை வந்தது அங்கேதான்.

சந்திரமுகி சீக்கிரம் முற்றும், சாப்பிட ருசி, கொல்கத்தாக்காரர்கள் இன்றும் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். ஆனால் பின் கருகல் நோய் வந்தால் சில நாளில் வயல் கருகிப்போகும். 1845இல் அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் இது. அவசரமும் கருகலும் கூட்டாளிகள் என்று ரகம் உருவாக்குபவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவந்தார்கள். சீக்கிரம் முற்றும் பிள்ளைகளைப் பொறுக்கினால் நோய்க்கு மடிபவையே கையில் வரும். நோய் தாங்குவதைப் பொறுக்கினால் தாமதமானவை வரும். சிடிஎஃப்1 இருக்கும் அதே ஐந்தாவது குரோமோசோமில், அதன் அக்கம்பக்கத்திலேயே நோய் எதிர்ப்பு மரபணுக்களும் குடியிருக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. இரண்டையும் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுப்பது ஒரே பாத்திரத்தில் கலந்த அரிசியையும் உளுந்தையும் பொறுக்குவது மாதிரி. முடியும், நேரம் ஆகும்.

1998இல் வெளிவந்த குஃப்ரி புக்ராஜ் அந்த நேரத்துக்குக் கிடைத்த பலன். ஸ்காட்லாந்தின் கிரெய்க்ஸ் டிஃபையன்ஸ் ஒரு பக்கத்துப் பெற்றோர். மறுபக்கம் பெயர்கூட வைக்கப்படாத, ஜேஇஎக்ஸ் என்று தொடங்கும் குறியீடு மட்டும் உள்ள ஒரு வகை. மஞ்சள் சதை, வேகமான வளர்ச்சி. முக்கியமான விஷயம், 60, 65 நாளில் தோண்டினாலும் விற்கக்கூடிய அளவில் கிழங்கு இருக்கும். 90 நாள் விட்டாலும் ஏமாற்றாது. இந்த இரட்டைக் குணத்தால்தான் இன்று இந்தியாவில் மிக அதிகப் பரப்பில் நடப்படும் ரகமாக இருக்கிறது. குறை, நீர்ச்சத்து. உலர் எடை குறைவான கிழங்கு, சிப்ஸ் ஆலைக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாவுச்சத்து சேரவும் நாள் வேண்டும் அல்லவா? அவசரத்தில் முதலில் விட்டுக்கொடுப்பது அதைத்தான். பத்து வருடம் கழித்து வந்த குஃப்ரி கியாதிக்குப் புக்ராஜே ஒரு பெற்றோர்.

2006இல் வந்த குஃப்ரி சூர்யா வேறு திசையில் யோசித்தது. காலத்தைச் சுருக்குவதற்குப் பதில் வெயில் எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று. குஃப்ரி லவ்கர் என்ற இந்திய ரகத்தோடு, பெருவின் லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் இருந்து வந்த எல்டி-1 என்ற வெப்பம் தாங்கும் வகையைச் சேர்த்தார்கள். மற்ற ரகங்கள் தயங்கும் 20 டிகிரி இரவிலும் இது கிழங்கு பிடிக்கும். அதனால் செப்டம்பர் வெயிலிலேயே நட முடிகிறது. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சி இலையைக் கருக்குவதையும் தாங்குகிறது. சீக்கிரம் நடுபவர்களுக்கு அது பெரிய தலைவலி. கர்நாடகத்தில் மழைக்காலப் பயிராகவும் இதைச் சோதித்தார்கள். ஹாசன் பக்கம் உருளை நடுவது மே, ஜூனில். அதற்கான விதைக்கிழங்கு வருவது ஜலந்தரில் இருந்து, லாரியில்.

நம் நீலகிரியில் கதை சற்று மாறும். ஊட்டி 11 டிகிரி வடக்கில் இருப்பதால் பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது, ஆண்டிஸ் மாதிரி. இரவும் குளிர். வருடத்துக்கு மூன்று போகம் வரை நட முடிகிறது. காலத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் குறுகிய கால ரகம் எதற்கு? நூற்புழுவுக்காக. 1961இல் ஊட்டியில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் ஒட்டிய கடுகைவிடச் சிறிய தங்க நிற முத்துகளாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டை, மண்ணில் பல வருடம் காத்திருக்கும். உருளைக்குப் பிறகு உருளை என்று நட்டால் பெருகிக்கொண்டே போகும். நடுவில் கேரட், முள்ளங்கி, பூண்டு என்று மாற்றினால் பட்டினி கிடந்து குறையும். உருளை எவ்வளவு சீக்கிரம் வயலைக் காலி செய்கிறதோ அவ்வளவு இடம் மாற்றுப் பயிருக்கு. முத்தோரையில் 1957இல் இருந்து இயங்கும் ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த குஃப்ரி சுவர்ணா, 1985இல், நூற்புழு எதிர்ப்போடு வந்தது. ஆனாலும் மலை விவசாயிகள் ஜோதியை விடவில்லை. சந்தையில் பார்த்துப் பழகிய கிழங்கின் முகம், அது ஒரு தனிப் பிடிவாதம்.

இந்தப் பன்னிரண்டு வருடக் காத்திருப்பைக் குறைக்க இப்போது இரண்டு வழி நடக்கிறது. ஒன்று, நாற்றாக இருக்கும்போதே இலையைக் கிள்ளி மரபணுவைப் பார்த்து, வெட்டுப்பட்ட சிடிஎஃப்1 இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது. வயல் வரைக்கும் போகாமலே பாதியைக் கழித்துவிடலாம். இன்னொன்று, நான்கு நான்காக இருக்கும் குரோமோசோமை இரண்டிரண்டாகக் குறைத்து, மக்காச்சோளம் போல் உருளையிலும் வீரிய ஒட்டு விதை உண்டாக்குவது. இரண்டிரண்டு குரோமோசோம் உள்ள உருளை தன் மகரந்தத்தையே ஏற்காது. தென் அமெரிக்கக் காட்டு உருளை ஒன்றில் இருக்கும் மரபணு அந்தத் தடையை நீக்குகிறது. நெதர்லாந்திலும் சீனாவிலும் இதில் மும்முரமாக இருக்கிறார்கள். 2021இல் சீனாவின் சான்வென் ஹுவாங் குழு இப்படிப்பட்ட ஒட்டுச் செடியை வளர்த்துக் காட்டியது. வெற்றி பெற்றால் டன் கணக்கு விதைக்கிழங்குக்குப் பதில் கைப்பிடி விதை போதும். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. விதையில் இருந்து முளைக்கும் நாற்று, கிழங்கில் இருந்து வரும் முளையைவிட மெலிந்தது, நிமிர்ந்து நிற்கவே பல வாரம் கேட்கும். அறுபது நாள் பயிருக்கு அந்த வாரங்கள் எங்கிருந்து வரும்? நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடலாம், அல்லது முதல் வருடம் விதையில் இருந்து குட்டிக் கிழங்கு எடுத்து அடுத்த வருடம் அதை நடலாம். இரண்டாவது வழியில் குளிர்பதனக் கிடங்கும் அசுவினிக் கணக்கும் மறுபடி உள்ளே வந்துவிடும்.

ஜலந்தரில் நவம்பர் மூன்றாவது வாரம். புக்ராஜ் நட்டு ஐம்பத்தைந்து நாள். விவசாயி வரப்போரம் ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கிழங்குகளை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். கோழிமுட்டை அளவு நாலைந்து, மற்றவை எலுமிச்சை. 90 நாளில் ஏக்கருக்கு 120 குவிண்டால் தரக்கூடிய வயல் என்றால், கிழங்கு பிடித்த 35ஆம் நாளில் இருந்து சராசரியாக நாளொன்றுக்கு இரண்டு குவிண்டாலுக்கு மேல் மண்ணுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் பத்து நாள் விட்டால் இருபது குவிண்டால். ஆனால் பக்கத்து ஊரில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள், மண்டியில் விலை நேற்றைவிடக் குறைவு, கோதுமை விதை வீட்டில் மூட்டையாக இருக்கிறது. பெரிய கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். உரிந்து வருகிறது. பையில் இருந்து போனை எடுத்து, நாளைக்கு ஆள் வருமா என்று கேட்கிறார்.